ஒட்டுப்போட்ட கெர்னலும் ஒரு கல்யாணப் பத்திரிகையும்

அந்த ஞாயிற்றுக்கிழமை முத்தாண்டிக்குப்பத்தில் என் மாமனார் வீட்டில் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். மாமனார் கண்ணுசாமி. மாமியார் அஞ்சலை. அவர்களுடைய மூத்த மகளும் என் மனைவியுமான அமுதா, பி.காம். மூன்று வாரத்தில் மணப்பெண் ஆகவிருந்த இளைய மகள் திவ்யா, பி.எஸ்சி. நர்சிங். மாமியாரின் தம்பி கோதண்டம். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையில் வேலை, வாய் மட்டும் எப்போதும் ஓவர்டைம் பார்க்கும். ஆறாவது ஆள் நான், செல்வகுமார். ஒன்பதாம் வகுப்பு.

இவ்வளவு துல்லியமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பேர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை அந்த வாரத்தில்தான் கற்றுக்கொண்டேன். இப்போதெல்லாம் மார்க்கெட்டுக்குப் போனால்கூட எத்தனை பேர் வந்தோம் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன். (நான் தனியாகப் போனாலும்.)

நான் பயந்த சுபாவம். கேஸை மூடிவிட்டோமா என்று பார்க்க பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்திருக்கிறேன். பூட்டை இழுத்துப் பார்ப்பேன். இழுத்ததில் பூட்டு தளர்ந்திருக்குமோ என்று மறுபடி இழுப்பேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை நினைத்து ஒன்பதாம் வகுப்பு முழுவதும் பயந்தேன். முழுப்பரீட்சை லீவில் யோசித்தபோது, பள்ளிக்கூடத்துக்கே போகாவிட்டால் தேர்வே வராது என்று தோன்றியது. பயத்துக்கு நானாகக் கண்டுபிடித்த ஒரே மருந்து அதுதான். பக்கவிளைவு இன்றுவரை இருக்கிறது.

அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில், மைன்ஸ் என்போம், பெர்மனென்ட். தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். அதனால் நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே மார்க்கெட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அமுதா சர்டிபிகேட் ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். தாள் மெஷினில் சிக்கி அவளுடைய மார்க் ஷீட் கசங்கிவிடுமோ என்று நான் பயந்த பயத்தைப் பார்த்து, 'நம்ம பேப்பருக்கே இவ்ளோ பயப்படுறவரு நம்மள எப்படிப் பாத்துக்குவாரு' என்று நினைத்தாளாம். இதைக் கல்யாணத்துக்குப் பிறகு சொன்னாள். பாராட்டா என்று இன்னும் தெரியவில்லை.

எங்கள் கல்யாணம் எங்கள் விருப்பத்தில் நடந்தது. அவளுடைய அப்பாவின் விருப்பத்தில் அல்ல. மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலியாக வேலை பார்த்து, கடன் வாங்கி மகளை பி.காம். படிக்கவைத்த மனிதருக்கு, ஒன்பதாம் வகுப்பு மாப்பிள்ளை. அவர் சண்டை போடவில்லை. என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். மூன்று வருஷமாக எதுவானாலும் அமுதா வழியாகத்தான். நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். "அவுரு காப்பி குடிக்கறாரான்னு கேளு" என்பார். "குடிக்கிறேன்னு சொல்லு" என்பேன். இரண்டடி தூரத்துக்கு ஒரு தூது.

அமுதா வீட்டிலிருந்தபடி கல்யாணப் பத்திரிகை, பேனர் எல்லாம் டிசைன் செய்துகொடுப்பாள். ப்ளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப்தான் அவளுடைய பட்டறை. அதில் இருந்த விண்டோஸ் ஒருநாள் படுத்துவிட்டது. கடையில் கேட்டால் காசு கேட்பார்கள் என்று, வீடியோ பார்த்துப் பார்த்து நானே அதில் லினக்ஸ் போட்டேன். அது ஓடியது. என் வாழ்க்கையில் ஒரு வேலை முதல் தடவையிலேயே உருப்பட்டது அப்போதுதான். அதனால் தலைக்கனம் கொஞ்சம் ஏறிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அந்த லேப்டாப்பில் எது நின்றாலும் குற்றவாளி நான்தான்.

அதே சமயம் வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது: லேப்டாப் பேட்டரி வீங்கி வெடிக்கிறது. அன்றைக்கே எங்கள் பேட்டரியைக் கழற்றி, பிஸ்கட் டப்பாவில் போட்டு, டப்பாவைத் தோட்டத்துச் சுவரோரம் வைத்துவிட்டேன். பேட்டரி எதற்கு? ஒயர் இருக்கிறது, சுவரில் பிளக் இருக்கிறது. நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவனுக்குக் கரண்ட் என்பது காற்று மாதிரி. மற்ற ஊர்களில் அது போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் பயப்படும் விஷயங்களைப் பட்டியல் போட்டால் ஒரு குயர் நோட்டு பிடிக்கும். அதில் இது மட்டும் இல்லை.

திவ்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தங்கை பத்திரிகையை நான்தான் வரைவேன் என்றாள் அமுதா. கடையில் கிடைக்கும் கிளி, கும்பம் எல்லாம் வேண்டாமாம். சுற்றிலும் முந்திரிப் பழமும் இலையுமாக ஒரு பார்டர். அவர்கள் அம்மா அப்பா இரண்டு பேரும் முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கிய கூலியில்தான் இரண்டு பெண்களையும் ஆளாக்கத் தொடங்கினார்கள், அதற்காக. ஒவ்வொரு இலையையும் நரம்போடு வரைந்தாள். டச்பேடில் தேய்த்துத் தேய்த்து வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. டாக்டர் துணிக்கட்டுப் போட்டுவிட்டு, "கையை மடியில் வைத்தபடி வேலை செய்ய முடிந்தால் செய்யுங்கள்" என்றார்.

கட்டுப் போட்ட கையோடு அவள் இலை வரைவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஒயர் இல்லாத மவுஸ் ஒன்று வாங்கிவந்தேன். இருப்பதிலேயே மலிவானது. பரிசு என்று சொல்லி மடியில் வைத்தேன். கிளிக் செய்தால் சத்தம் மட்டும் கேட்டது. நகர்த்தினால் திரையில் அம்பு நகரவில்லை. இடித்த புளி மாதிரி அங்கேயே நின்றது.

இங்கே கெர்னல் என்றால் என்ன என்று சொல்லவேண்டும். கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் வீட்டுப் பெரியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டு, பிரிண்டர், மவுஸ் என்று யார் வந்தாலும் 'யாருப்பா நீ, எந்த ஊரு' என்று விசாரித்துத்தான் உள்ளே விடுவார். அவர் கையில் ஒரு பேர்ப்பட்டியல் உண்டு. என் மலிவு மவுஸின் பேர் அதில் இல்லை. வந்தவனை வாசலில் உட்காரவைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். (எனக்கு இது புது அனுபவம் இல்லை.)

அந்தப் பேரைப் பட்டியலில் சேர்க்க யாரோ ஒரு புண்ணியவான் ஏழு வரியில் ஒரு திருத்தம் எழுதி இணையத்தில் போட்டிருந்தார். பேட்ச் என்பார்கள், கிழிந்த சட்டைக்குப் போடும் ஒட்டு மாதிரி. ஆனால் சும்மா ஒட்டிவிட முடியாது. ஒட்டை வைத்து மொத்தக் கெர்னலையும் அடியிலிருந்து மறுபடி உருவாக்கவேண்டும். ஒரே ஒரு பேரைச் சேர்க்க முந்நூறு பத்திரிகையையும் திரும்ப அச்சடிப்பது போல. இதைத்தான் கம்பைல் செய்வது என்கிறார்கள். பல மணி நேரம் ஆகும். மேலே ஒரு வரி இருந்தது: அடுத்த அப்டேட்டில் இந்தத் திருத்தம் தானாகவே எல்லோருக்கும் வந்துவிடும், பொறுத்திருங்கள். அடுத்த அப்டேட் வரைக்கும் அமுதாவின் கை பொறுத்திருக்குமா?

கம்பைல் தொடங்கும் முன் அது கேள்வி கேட்கும். இந்தச் சாதனம் வேண்டுமா, அந்தச் சாதனம் வேண்டுமா என்று ஆயிரக்கணக்கில். விவரம் தெரிந்தவர்கள் முக்கால்வாசியை வேண்டாம் என்று தள்ளிவிடுவார்கள். நான் எதையும் தள்ளவில்லை. வேண்டாம் என்று சொல்லி நாளைக்கு அது தேவைப்பட்டால்? கப்பலில் வைக்கும் கருவிக்கும் சரி என்றேன். நான் பிறக்கும் முன்பே செத்துப்போன ஏதோ ஒரு ரேடியோ கார்டுக்கும் சரி என்றேன். எல்லோரையும் அழைத்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் முத்தாண்டிக்குப்பம் போனோம். பத்திரிகையில் பேர்களை முடிவு செய்யவேண்டும். பண்ருட்டி அச்சகக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்: ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் கைக்கு வந்தால் திங்கட்கிழமை மெஷினில் ஏறும், தவறினால் முகூர்த்த மாசம், பத்து நாள் கழித்துத்தான். பத்து நாள் கழித்து அடித்தால் ஊர் ஊராகப் போய் வைக்க நேரம் இருக்காது. பத்திரிகை நேரில் போய் வைக்காத கல்யாணத்துக்கு எங்கள் பக்கம் யாரும் வரமாட்டார்கள். வந்தாலும் சாப்பிடாமல் போய், அதை இருபது வருஷம் சொல்லிக்காட்டுவார்கள்.

அன்று மாலை திரையில் இருந்ததைக் கோதண்டம் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு அமுதாவிடம் கேட்டார்.

"எல்லாரு பேருக்குப் பின்னாலயும் படிப்பு இருக்குது. மூத்த மாப்ளைக்கு மட்டும் மொட்டையா வுட்டுட்டியேம்மா?"

"அவரு பேரே போதும் மாமா" என்றாள் அமுதா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாமனார் வாசலில் மொபெட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எண்ணெய் கொஞ்ச நேரம் தரையில் சொட்டியது.

பார்டரில் முப்பது இலைதான் பாக்கி. மவுஸ் இருந்தால் ஒரு மணி நேர வேலை. ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கம்பைலை ஆரம்பித்தால் மத்தியானம் முடிந்துவிடும், அமுதா வலி இல்லாமல் இலையை முடிப்பாள், மூன்று மணிக்கு பென்டிரைவோடு பண்ருட்டிக்குக் கிளம்பலாம். இதுதான் என் திட்டம். உண்மையைச் சொல்வதென்றால், திட்டத்தில் இன்னொரு வரியும் இருந்தது: மாமனார் அதைப் பார்ப்பார்.

ஆறு மணிக்கு ஆரம்பித்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக மேலே ஓடின. மாமியார் காப்பியோடு வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவ்ளோ பேருக்கா பத்திரிக வெக்கப்போறோம்?" என்று கவலைப்பட்டார். கோதண்டத்துக்கு அது ஆலை ஞாபகத்தைக் கொடுத்தது. கரும்பு அரவை ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் பாகு இறுகிவிடும் என்று எல்லோருக்கும் உத்தரவு போட்டு, லேப்டாப்புக்குக் காவலாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

என் கவலைகள் வரிசையாக வந்தன. சூடாகிறதே என்று லேப்டாப்பை இரண்டு செங்கல் மேல் ஏற்றினேன். செங்கல் தூசு உள்ளே போகுமே என்று துண்டு விரித்தேன். துண்டு காற்றை அடைக்குமே என்று உருவினேன். மேலே உத்தரத்தில் ஒரு பல்லி. அது விழுந்தால் கீபோர்டில் எந்தப் பட்டன் அமுங்கும் என்று யோசித்தேன். ஆடு உள்ளே வராமல் கதவைச் சாத்தினேன். காப்பி டம்ளர்களை அடுத்த அறைக்கு அனுப்பினேன். ஆறு பேரும் ஒரு மணி நேரம் பூனை மாதிரி நடந்தோம்.

மாமனார் அமுதாவைக் கூப்பிட்டுக் கேட்டது எனக்குக் கேட்டது.

"அவுரு காலைலேர்ந்து இன்னா பண்ணிகினு இருக்காரு?"

"எனக்குக் கை வலிக்குதுல்லப்பா. அந்த மவுசு வேலை செய்யறதுக்கு வழி பண்றாரு."

"அதுக்குப் பேரு இன்னாம்மா?"

"லினக்ஸுப்பா."

"லினக்ஸ்" என்று ஒருமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டார்.

பத்து மணிக்கு அமுதா, "விடுங்க, டச்பேடிலேயே முடிச்சிடறேன்" என்றாள். அரவையை நிறுத்தக்கூடாது என்றேன். பன்னிரண்டு மணிக்கு மறுபடி கேட்டாள். அவள் கையில் இருந்த துணிக்கட்டைக் காட்டி, "இதோட வரையவேணாம், இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்றேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். எனக்காகத்தான் காத்திருந்தாள் என்பது அப்போதே தெரியும். அதுதான் இப்போதும் குத்துகிறது.

ஒரு மணி சுமாருக்குக் கம்பைல் முடிந்தது. கோதண்டம் கைதட்டினார். இனி புதுக் கெர்னலை அதன் இடத்தில் பொருத்தவேண்டும். பொருத்தப் போனால் இடம் போதவில்லை. கப்பல் கருவியையும் செத்த ரேடியோவையும் அழைத்தவன் பந்தலைப் பெரிதாகப் போடவில்லை. இடம் வேண்டுமென்றால் பழைய கெர்னலை எடுக்கவேண்டும். எடுக்கச் சொன்னேன். கம்ப்யூட்டர், 'இப்போது ஓடிக்கொண்டிருப்பதே இதுதான், நிச்சயமாக எடுக்கட்டுமா?' என்று கேட்டது. பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கும் நான், வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு கேள்வியை இரண்டாவது தடவை படிக்காமல் 'ஆமாம்' என்று அழுத்தினேன்.

பழைய கூரையைப் பிரித்தாகிவிட்டது. புதுக் கூரை பாதி ஏறியிருந்தது. திரை அணைந்தது.

நான் பட்டன்களைத் தட்டினேன். ஒயரை அசைத்தேன். லேப்டாப்பைத் தூக்கி அடியில் பார்த்தேன். மின்விசிறி மெதுவாகச் சுற்றி நிற்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. மாமியார் பரபரப்பே இல்லாமல் ஓலை விசிறியை எடுத்துக்கொண்டு, "கரண்ட்டு பூட்ச்சி" என்றார்.

"எங்க போச்சு?" என்றேன்.

நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டேன். கோதண்டம் நாற்காலியிலிருந்து எழுந்து, என் தோளைப் பிடித்துப் பின்வாசலுக்குக் கூட்டிப்போனார். முந்திரி மரங்களுக்கு மேலே நெய்வேலி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தன. புகை வந்துகொண்டிருந்தது.

"தோ, அங்கதான் மாப்ள பண்றாங்க. உங்க வூட்டுக்கு வர்றது இங்க வர்றதுல்ல."

மின்கம்பிக்குக் குறுக்கே வளர்ந்த கிளைகளை வெட்டுகிறார்களாம். மாசத்துக்கு ஒரு ஞாயிறு வழக்கமாம். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். என்னிடம் யாரும் சொல்லவில்லை. லேப்டாப்பில் பேட்டரி என்று ஒன்று இருக்கும், அதை ஒருவன் கழற்றித் தோட்டத்தில் வைத்திருப்பான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இரண்டே முக்காலுக்குக் கரண்ட் வந்தது. லேப்டாப்பைப் போட்டேன். நாலு வரி ஓடியது, நின்றது. கடைசி வரியில் இரண்டு வார்த்தைகள்: கெர்னல் பேனிக். அதாவது கெர்னல் பீதியில் இருக்கிறது. என்னைவிட அதிகமாகப் பயந்துபோன ஒன்றை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். ஆறுதல் சொல்ல எனக்கும் தெம்பு இல்லை.

வரைந்த இலைகள் எல்லாம் உள்ளே பத்திரமாகத்தான் இருந்தன. அமுதாவிடம் அதைச் சொன்னேன். ஆனால் திறக்க வழி இல்லை. டவுன்ஷிப்புக்குப் போய், கடையிலிருந்து லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவை எடுத்து, சரிசெய்து, பண்ருட்டி போகவேண்டுமென்றால் அச்சகம் மூடியிருக்கும்.

அமுதா திட்டவில்லை. மணிக்கட்டுத் துணியைப் பிரித்து, மறுபடி மெதுவாகச் சுற்றிக்கொண்டாள். பிறகு, "கிளியோ கும்பமோ, அவங்ககிட்ட இருக்கறதப் போட்டுக்கட்டும். பேரை மட்டும் எழுதிக் குடுத்துடலாம்" என்றாள். திவ்யா, "எனக்குக் கிளி புடிக்கும்க்கா" என்றாள். பொய் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

நான் எழுதுகிறேன் என்றேன். அவள் கையால் எழுத முடியாது. நான் செய்யக்கூடிய பரிகாரம் அது ஒன்றுதான். கோடு போட்ட தாளில், நல்ல கையெழுத்தில். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். அவர்கள் மறந்ததை நான் ஞாபகப்படுத்தினேன். பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத சேத்தியாத்தோப்புப் பெரியப்பா பேர் வேண்டுமா என்று மாமியார் தயங்கியபோது, "விட்டா மனசு கஷ்டப்படுவாரு அத்தை" என்று வாதாடி எழுதினேன். பேருக்குப் பின்னால் படிப்பு, படிப்புக்குப் பின்னால் புள்ளி, எதுவும் விடவில்லை. நாற்பத்து மூன்று பேர். மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் நாற்பத்து மூன்றுதான் வந்தது. சரியாக இருக்கிறது என்று நிம்மதியானேன். எதை வைத்துச் சரியென்று முடிவுசெய்தேன் என்று கேட்காதீர்கள்.

மாமனார் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, மொபெட்டை மிதித்துக் கிளம்பினார். ஐந்து மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கொடுத்துவிட்டதாகப் போன் வந்தது.

லேப்டாப்பை மறுநாள் கடையில் வைத்து இருபது நிமிஷத்தில் எழுப்பிவிட்டேன். முந்திரி இலைகள் எல்லாம் அப்படியே இருந்தன. அமுதா லேப்டாப் பக்கமே வரவில்லை.

புதன்கிழமை திவ்யா போன் செய்தாள்.

"மாமா, பத்திரிக வந்துடுச்சி. ஒண்ணு சொல்றேன், பயப்படக்கூடாது."

அப்படி யாராவது தொடங்கினால் நான் முதலில் உட்கார இடம் தேடுவேன். "யாரு பேரு விட்டுப்போச்சு?" என்றேன்.

"உங்க பேருதான்."

"யாரு எழுதினது?" என்று கோபமாகக் கேட்டேன்.

"நீங்கதான் மாமா. தாளு கூட இங்கதான் இருக்குது."

எங்கள் பக்கத்தில் பத்திரிகையில் மூத்த மாப்பிள்ளை பேர் இல்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஒதுக்கிவிட்டார்கள். அதிலும் நாங்களாகச் செய்துகொண்ட கல்யாணம், மூன்று வருஷமாக மாமனார் முகம் கொடுத்துப் பேசாத மாப்பிள்ளை. ஊர் நம்புவதற்குக் கஷ்டமே பட வேண்டாம். அமுதா அந்தப் பந்தலில் எல்லோருடைய கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டு நிற்கவேண்டும். அதுவும் போக, இன்னொன்று என்னைத் தின்றது. விட்டுப்போன பேரைப் பார்த்து மாமனார் நிம்மதி அடைந்திருப்பாரோ?

அமுதாவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நாப்பத்து மூணு பேருக்காவ பயந்தீங்க. உங்களுக்காவ பயப்பட ஆள் இல்லாம போச்சு" என்றாள்.

வேறு எந்த அச்சகத்திலாவது திரும்ப அச்சடிப்பது என்று முடிவெடுத்தேன். சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு பஸ்ஸில் போகும்போது, மாமனாரிடம் நேராகப் பேசவேண்டிய வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். முதல் வரி 'மாமா, தப்பு என்மேலதான்'. இரண்டாவது வரி வரவே இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தால், மாமனார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் மணைப்பலகையை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் பத்திரிகைக் கட்டுகள். இன்னொரு பக்கம் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாக்கள். வியாழக்கிழமையிலிருந்து, முதல் ஷிப்ட் முடித்து வந்து சாப்பிட்ட கையோடு உட்கார்ந்துவிடுவாராம். கோதண்டம் போன் செய்து, ரப்பர் ஸ்டாம்பு செய்து குத்திவிடலாமே என்றாராம். ஸ்டாம்பு குத்த அது என்ன ரேஷன் கார்டா என்று கேட்டாராம்.

மேலே இருந்த ஒரு பத்திரிகையை எடுத்தேன். இரண்டு கிளி. கறுப்பு எழுத்தில் நாற்பத்து மூன்று பேர். அவர்கள் எல்லோருக்கும் மேலே, முதல் வரியில் இருந்த கொஞ்சம் இடத்தில், நீல மையில் பெரிய பெரிய எழுத்தாக:

மூத்த மருமகன் சு. செல்வகுமார், லினக்ஸ்.

அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். கையெழுத்துப் போடுவதைத் தவிர அவர் எழுதி நான் பார்த்ததில்லை. திவ்யா ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொடுத்திருந்தாள். அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார். முதல் கட்டில் என் பேர் கோணலாக, ஏறி இறங்கிக் கிடந்தது. கடைசிக் கட்டில் அச்சுக் கோர்த்த மாதிரி இருந்தது. முந்நூறு பத்திரிகை. ஒரு பேரைச் சேர்க்க, மொத்தத்தையும் திரும்ப அடிக்காமல்.

பஸ்ஸில் படித்த முதல் வரியும் மறந்துபோனது. நின்றுகொண்டிருந்தேன். அவர் கடைசிப் பத்திரிகையை ஊதி மையைக் காயவைத்து, கட்டில் அடுக்கினார். பேனாவை மூடினார். பிறகு அமுதாவைப் பார்க்காமல், திவ்யாவைப் பார்க்காமல், என்னைப் பார்த்தார்.

"மாப்ள, பேனா முப்பது ரூபா ஆச்சு."

மூன்று வருஷத்தில் முதல் வார்த்தை. என் கை பாக்கெட்டுக்குப் போனது. சீட்டுப் பணம் முழுவதும் இருந்தது. அவர் கையை அசைத்தார். "அப்பறமா குடுங்க. ஒக்காருங்க மொதல்ல" என்றார்.

கல்யாணத்தில் பிள்ளைவீட்டுப் பெரியவர் ஒருவர் பத்திரிகையோடு என்னைத் தேடிவந்து, லினக்ஸ் எத்தனை வருஷப் படிப்பு என்று மரியாதையாக விசாரித்தார். "அது முடியறதே இல்லைங்க" என்றேன். எங்கள் ஊர் வழக்கப்படி அதற்குள் பேர் பரவிவிட்டது. முத்தாண்டிக்குப்பத்தில் இன்று செல்வகுமார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. லினக்ஸ் மாப்பிள்ளை என்று கேட்டால் பஸ் ஸ்டாப்பிலேயே வழி சொல்வார்கள். வீட்டில் எது தொலைந்தாலும், சீப்போ செருப்போ, திவ்யாவின் வீட்டுக்காரர்கூட "எங்க போச்சு?" என்று என் குரலில் கேட்கிறார். மற்றவர்கள் புகைபோக்கிப் பக்கம் கை காட்டுவார்கள்.

அந்த மவுஸ், இரண்டு மாசம் கழித்து வந்த சாதாரண அப்டேட்டில் தானாகவே நகர ஆரம்பித்தது. அமுதா இப்போதும் அதை மடியில் வைத்துத்தான் வரைகிறாள். முந்திரி பார்டரை எங்கள் மகளின் பெயர்சூட்டு விழாப் பத்திரிகைக்குப் போட்டாள். பேட்டரி லேப்டாப்பில் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறேன்.

நாலு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு தடவை போகும்போதும் வாசலிலேயே மாமனார் கேட்பார்: "மாப்ள, அந்த முப்பது ரூபா இன்னா ஆச்சு?" அடுத்த தடவை தருகிறேன் மாமா என்பேன். அப்படியே பேச்சு வளரும். மழை, ஷிப்ட், ஆட்டின் விலை, பேத்தியின் பல். பாக்கெட்டில் ஒவ்வொரு முறையும் மூன்று பத்து ரூபாய்த் தாள் தனியாக மடித்து வைத்திருப்பேன். கொடுத்துவிட்டால், அவர் என்னோடு பேச்சை எங்கே ஆரம்பிப்பார் என்று எனக்குப் பயம். அதனால் பாக்கி அப்படியே நிற்கிறது: முப்பது ரூபாய்.